84-ல் 1 என்றால் என்ன அர்த்தம்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் 35 வயதைத் தாண்டிக் கருவுற்றிருக்கும் பெண் யாராவது இருந்தால் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள். இல்லாவிட்டாலும் படித்து வையுங்கள், என்றாவது யாருக்காவது பயன்படும்.

நான் மருத்துவர் இல்லை. 34 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனால் சில மாதங்களுக்கு முன் என் வீட்டுக் கூடத்தில் நடந்த விஷயத்தில் மருத்துவத்துக்கு இணையாகக் கணக்கும் இருந்தது. அதனால்தான் எழுதத் துணிந்தேன். சம்பந்தப்பட்டவளிடம் அனுமதி கேட்டு, அவள் "இவ்வளவு எழுதலாம்" என்று சொன்ன அளவுக்குத்தான் எழுதுகிறேன்.

என் தங்கை மகளுக்குத் திருமணமாகி 12 ஆண்டுகள். பார்க்காத வைத்தியம் இல்லை, போகாத கோயில் இல்லை. "சரி, நமக்கு இவ்வளவுதான்" என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு, 39-வது வயதில் தானாகவே கரு தரித்தது. பிரசவத்தின்போது 40 ஆகியிருக்கும். 12-வது வாரத்தில் ஸ்கேன் எடுத்து, ரத்தமும் எடுத்தார்கள். நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அதில் டவுன் சிண்ட்ரோம் என்று போட்டு, "ஹை ரிஸ்க்" என்று தடித்த எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் 1:84 என்று இருந்தது. "அடுத்த டெஸ்ட் எடுக்கணும், வீட்ல கலந்து பேசிட்டு வாங்க" என்று ஒரே நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே கணவனோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் தங்கை அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் போனில். ஆளுக்கொரு தீர்ப்பு தயாராக இருந்தது.

தங்கை சொன்னாள்: "எதுக்கு ரிஸ்க்கு? கலைச்சிடலாம். நமக்குப் பின்னாடி அந்தப் புள்ளைய யாரு பாக்குறது?"

மாமியார் சொன்னார்: "எங்க வம்சத்துல அப்படியெல்லாம் கிடையாது. வயித்துல ஊசி போட்டா புள்ள தங்காது. சாமி குடுத்தது, சாமி பாத்துக்கும்."

மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை.

அவள் என்னிடம் கேட்டாள்: "பெரியம்மா, பாப்பாவுக்கு அந்தப் பிரச்சனை இருக்குதாம். நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

"இருக்குதாம்" என்றாள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ரிப்போர்ட்டில் அப்படி எங்கேயும் எழுதவில்லை. பத்தாம் வகுப்பில் நிகழ்தகவுக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண் அவள். பயம் வந்தால் படித்ததெல்லாம் பறந்துவிடுகிறது.

சமையலறைக்குப் போய் ஒரு தாம்பாளத்தில் 83 துவரம்பருப்பை எண்ணிப் போட்டேன். அதோடு ஒரு மிளகு. கலந்து அவள் முன்னால் வைத்தேன். "இந்த ரிப்போர்ட் சொல்றது இதுதான். உன்னை மாதிரி 84 பேர். அதுல ஒருத்தர் வயித்துல இருக்கற குழந்தைக்கு அது இருக்கலாம். 83 பேருக்கு இல்ல. நீ இதுல எதுன்னு இந்த டெஸ்ட்டுக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் தாம்பாளத்தையே பார்த்தாள். முகம் சற்றுத் தெளிந்தது. பிறகு கேட்டாள்: "அந்த ஒரு மிளகு நானா இருந்தா, பெரியம்மா?"

நியாயமான கேள்வி. இந்தப் பதிவே அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன். டவுன் சிண்ட்ரோம் என்பது 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது. இதை 1959-ல் பிரான்ஸில் கண்டறிந்து வெளியிட்டார்கள். தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். 25 வயதில் ஏறத்தாழ 1,250-ல் 1. 35 வயதில் 350-ல் 1. 40 வயதில் 100-ல் 1. 45 வயதில் 30-ல் 1. இப்போது கவனியுங்கள்: 40 வயது என்பதற்காகவே அவளுக்கு ஏறத்தாழ 100-ல் 1 வாய்ப்பு இருந்தது. ரிப்போர்ட் சொன்னது 84-ல் 1. அதாவது, அவள் வயது ஏற்கெனவே சொன்னதற்கு மேல் அந்தத் தாள் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அந்தத் தடித்த எழுத்துதான் எல்லோரையும் அழ வைத்தது.

இது யாருடைய குற்றமும் இல்லை. இதில் பெரும்பாலானவை கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம் சரியாகப் பிரியாததால் தற்செயலாக வருபவை. அத்தை மகனைக் கட்டியதால் வருவதில்லை. கிரகணத்தில் வெளியே போனதாலும் வருவதில்லை. (சொந்தத்தில் திருமணம் செய்தால் வேறு சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு கூடும், அது வேறு விஷயம்.) மாமியார் "எங்க வம்சத்துல இல்லை" என்று சொன்னது ஆறுதலாகவும் ஆகாது, ஆதாரமாகவும் ஆகாது.

அடுத்து, பரிசோதனைகளில் இரண்டு வகை உண்டு என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. ஒன்று சல்லடை, மற்றொன்று தராசு.

11 வாரத்திலிருந்து 14 வாரம் நிறைவதற்குள் எடுக்கும் என்.டி. ஸ்கேனும், அதோடு சேர்ந்த டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் சல்லடை. யாருக்கு மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பிரித்துத் தரும், அவ்வளவுதான். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எல்லா வயதையும் சேர்த்தால் சுமார் 700 பிறப்புகளுக்கு ஒன்று டவுன் சிண்ட்ரோம். 7,000 கர்ப்பிணிகள் என்று வைத்துக்கொள்வோம். 10 பேருக்கு அது இருக்கும். இந்தச் சல்லடை பத்தில் ஏறத்தாழ 9-ஐப் பிடித்துவிடும். நல்லதுதான். ஆனால் குறை இல்லாதவர்களிலும் 100-ல் 5 பேரை "ஹை ரிஸ்க்" என்று சொல்லும். அது 350 பேர். ஆக, "ஹை ரிஸ்க்" தாளோடு அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும் 359 பேரில் உண்மையில் 9 பேருக்குத்தான் இருக்கிறது. அதே நேரம் "லோ ரிஸ்க்" என்று இனிப்பு வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருவருக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் தெரிய வேண்டும்.

என்.ஐ.பி.டி. என்று இன்னொன்று உண்டு. நஞ்சுக்கொடியின் மரபணுத் துணுக்குகள் தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும், அதை ஆராய்வது. டவுன் சிண்ட்ரோமில் 100-க்கு 99-ஐப் பிடிக்கும். செலவு அதிகம். ஆனால் இதுவும் சல்லடைதான், மிக நுணுக்கமான சல்லடை. இதில் "இருக்கிறது" என்று வந்தாலும் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

தராசு என்பது ஆம்னியோசென்டெசிஸ். 15 வாரத்துக்குப் பிறகு, ஸ்கேன் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் பனிக்குட நீரைக் கொஞ்சம் எடுத்து, அதிலுள்ள குழந்தையின் செல்களைப் பார்ப்பார்கள். இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகத் தெரிந்துவிடும். ஊசியால் கரு கலையும் ஆபத்து உண்டா? உண்டு. அனுபவமுள்ள கைகளில் இன்று அது 200-ல் 1-க்கும் குறைவு. மாமியார் சொன்னதுபோல "தங்கவே தங்காது" என்பதும் பொய், சிலர் சொல்வதுபோல "ஒன்றுமே ஆகாது" என்பதும் பொய்.

84-ல் 1, 200-ல் 1. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் விடை கிடைத்துவிடும் என்று ஒரு கணக்கு டீச்சருக்குத் தோன்றும். கிடைக்காது. இரண்டு பக்கமும் இருப்பது ஒரே அலகு இல்லையே. 12 வருடம் காத்திருந்து சுமப்பவளுக்கு அந்த 200-ல் 1 மலை மாதிரி. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, படுத்த படுக்கையான மாமனாரையும் பார்த்துக்கொள்ளும் ஒருத்திக்கு அந்த 84-ல் 1 மலை மாதிரி. எண் எல்லோருக்கும் பொது. எடை அவரவருக்கு வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கே 60 வயது தாண்ட வேண்டியிருந்தது.

இப்போது என் கருத்து. அந்த டெஸ்டை எடுப்பதா வேண்டாமா என்பதைச் சுமப்பவள்தான் தீர்மானிக்க வேண்டும். அவள் தீர்மானிப்பதற்கு முன்பு, விவரம் தெரிந்த ஒருவர் அவள் எதிரில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அவளுக்குப் புரியும் தமிழில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அது நடக்காமல் எடுக்கப்படும் டெஸ்டும் சரியில்லை, எடுக்காமல் விடப்படும் டெஸ்டும் சரியில்லை.

இது என் ஆசை மட்டும் இல்லை, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்க்கக் கூடாது என்ற 1994-ம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். ஸ்கேன் சென்டர் வாசலிலேயே போர்டு தொங்குகிறது. அதே சட்டத்தில்தான் இதுவும் இருக்கிறது: ஊசி போட்டுச் செய்யும் இந்த மாதிரிப் பரிசோதனைகளுக்கு, தாயின் வயது 35-க்கு மேல் இருப்பது ஏற்கத்தக்க ஒரு காரணம். அதைச் செய்வதற்கு முன் பின்விளைவுகளை அவளிடம் விளக்க வேண்டும். அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலம் சம்மதம் வாங்க வேண்டும். அந்தத் தாளின் நகலை அவள் கையில் தர வேண்டும். அவளுடைய சம்மதம் என்றுதான் இருக்கிறது. கணவன், மாமியார், பெரியம்மா யாரும் அதில் வரவில்லை. அதேபோல, 18 வயது நிறைந்த பெண்ணின் கருவைக் கலைக்கவும் அவள் சம்மதம்தான் தேவை. தங்கை அவளைக் கேட்காமலேயே "கலைச்சிடலாம்" என்று சொன்னபோது இதைத்தான் சொல்லி அவளை அடக்கினேன்.

கால அளவையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 2021-ல் வந்த திருத்தத்தின்படி 20 முதல் 24 வாரம் வரை, குறிப்பிட்ட காரணங்களுக்கு, இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். கருவில் கடுமையான குறைபாடு இருந்து 24 வாரத்தையும் தாண்டிவிட்டால் மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். 16-17 வாரத்தில் ஊசி போட்டால் முழு ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதற்குள் 20 வந்துவிடும். "ஆடி போகட்டும்", "நாத்தனார் கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டால், முடிவு நம் கையை விட்டுப் போய்விடும்.

நண்பர் ஒருவர், அவரும் ஆசிரியர்தான், இதைக் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார். "1992-ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் எதுக்கு வந்துச்சு டீச்சர்? பொம்பளப் புள்ளைய வேண்டாம்னு கொன்னதாலதானே? இப்ப குறை உள்ள புள்ளைய வேண்டாம்னு வடிகட்டறோம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். அதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. அந்தக் கேள்வி என்னையும் இரண்டு மூன்று இரவு தூங்கவிடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன்.

1998 ஜூன். தலைமையாசிரியர் விடுப்பில் இருந்ததால் சேர்க்கைப் பொறுப்பு என்னிடம் இருந்தது. பூ கட்டி விற்கும் ஓர் அம்மா, 6 வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பார்த்தவுடனே தெரிந்தது, டவுன் சிண்ட்ரோம். பையன் என் மேஜை மேல் இருந்த மணியை எடுத்து ஒரு அடி அடித்துவிட்டுச் சிரித்தான். நான், "இங்க முடியாதும்மா, மத்த பிள்ளைங்க படிப்பு கெட்டுடும். இதுக்குன்னு ஸ்கூல் இருக்கும், அங்க பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். அப்படி ஒரு பள்ளி எங்கே இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி தர வேண்டும் என்ற 1995-ம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் கடமை எனக்கு இருந்தது.

தங்கை மகள் வந்துபோன மறுநாள் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். கோயில் வாசலில் இன்னமும் அதே கடை. மகன் பக்கத்தில் உட்கார்ந்து முழத்தை மடித்து வாழை இலையில் கட்டிக் கொடுக்கிறான். 30 தாண்டிவிட்டது. அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கு டீச்சர், நீங்க ஒருத்தரா சொன்னீங்க, நாலு ஸ்கூல்ல சொன்னாங்க" என்றார். தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டேன். அப்போதே இந்த டெஸ்ட் இருந்து, தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

வெகுநேரம் பூவைக் கட்டிக்கொண்டே இருந்தார். "தெரியல டீச்சர். இவன் இல்லாம இப்ப என்னால இருக்க முடியாது. ஆனா வேற ஒருத்தி வேணாம்னு சொன்னா அவள நான் தப்பு சொல்ல மாட்டேன். நான் பட்டது எனக்குத்தான் தெரியும். பொறந்த அன்னிக்கு யாராச்சும் பக்கத்துல உக்காந்து, இது இன்னது, இப்படி வளக்கணும்னு சொல்லியிருந்தா பாதி அழுகை மிச்சமாயிருக்கும். இப்பவும் எனக்கு ஒரே கவலை, எனக்கப்புறம் இவனுக்கு யாரு?"

நண்பருக்கு என் பதில் இதுதான். குறையுள்ள பிள்ளைக்கு இந்த ஊரில் இடமில்லை என்று ஆக்கி வைத்தவர்கள் என்னைப்போன்றவர்கள்தான். பள்ளியில் சேர்க்காமல் அனுப்பிவிட்டு, பெற்றவள் கண்ணை மூடிய பிறகு யார் பார்ப்பது என்பதற்கும் ஏற்பாடு செய்யாமல் இருந்துவிட்டு, வயிற்றில் சுமப்பவளிடம் மட்டும் தர்மம் பேசினால் அது நியாயமில்லை. அவளிடம் விவரத்தை மறைப்பது இதற்குத் தீர்வாகாது. பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்கிறவளுக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். அப்போதுதான் அவள் எடுப்பது உண்மையான முடிவு. வழியே இல்லாத இடத்தில் எடுப்பதற்கு முடிவு என்று பெயரில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் வாழ்க்கையும் மாறியிருக்கிறது. 1980-களில் சராசரி ஆயுள் 25 வயதை ஒட்டி இருந்தது. இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் 60 வரை போகிறது. ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும், அதில் பலவற்றை அறுவை சிகிச்சையால் சரிசெய்துவிடலாம். கற்றுக்கொள்ளும் திறன் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும், எந்த டெஸ்டும் அதை முன்கூட்டிச் சொல்லாது. கருவைப் பெற்றெடுக்க முடிவு செய்தவளுக்கும் முன்பே தெரிந்திருப்பது உதவும். இதய மருத்துவர் உள்ள ஊரில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம், மனதையும் வீட்டையும் தயார் செய்யலாம். டெஸ்ட் எடுப்பது என்றாலே கலைப்பது என்று நினைக்க வேண்டாம்.

மறுபக்கம், எல்லாம் நார்மல் என்று வந்தாலே குறையில்லாத பிள்ளை என்றும் நினைக்க வேண்டாம். ஆட்டிசம் இந்த டெஸ்டுகளில் தெரியாது. பிரசவ நேரத்தில் ஏற்படும் மூளை பாதிப்பு தெரியவே தெரியாது. எந்தத் தாளும் உத்தரவாதம் தராது.

சரி, என்ன செய்யலாம்? ரத்தம் எடுப்பதற்கு முன்பே, கர்ப்பிணி தன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் பயன்படும்.

1. இந்த டெஸ்ட் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது?
2. இது வாய்ப்பை மட்டும் சொல்வதா, உறுதியாகச் சொல்வதா?
3. என் வயதுக்கே உள்ள வாய்ப்பு எவ்வளவு, இந்த ரிப்போர்ட்டில் வந்திருப்பது எவ்வளவு?
4. அடுத்த டெஸ்டில் என்ன ஆபத்து, உங்கள் மருத்துவமனையில் இதை எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள்?
5. ரிப்போர்ட் வர எத்தனை நாள், அப்போது எனக்கு எத்தனை வாரம் ஆகியிருக்கும்?
6. இருக்கிறது என்று வந்தால் மரபணு ஆலோசகரிடம் என்னை அனுப்புவீர்களா?

ஏழாவது ஒரு கேள்வி உண்டு. அதை மருத்துவரிடம் கேட்க முடியாது, தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். "இருக்கிறது என்று வந்தால் நான் என்ன செய்வேன்?" எது வந்தாலும் பெற்றுக்கொள்வேன் என்று உறுதியாக இருப்பவள், ஊசியின் ஆபத்தை ஏற்காமல் ஸ்கேனோடு நின்றுகொள்ளலாம். தெரியாமல் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்பவள் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சரி. இருவரும் நல்ல தாய்தான்.

அவள் மூன்று நாள் யோசித்தாள். என்னிடம் மறுபடியும், "நீங்கன்னா என்ன பண்ணுவீங்க பெரியம்மா?" என்று கேட்டாள். "நான் சுமக்கலடி. நான் சொன்னா அது உன் தலையில ஏறி உக்காந்துக்கும். நீ எது முடிவு பண்ணாலும் மறுநாள் காலைல உன் வீட்டு வாசல்ல நிப்பேன்" என்றேன். அதன் பிறகு அவளே முடிவு செய்தாள். மாப்பிள்ளை அன்றுதான் வாய் திறந்தார், "அவ சொல்றதுதான்" என்று. அவளே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, ஊசி போட்டுக்கொண்டாள். நகலைக் கேட்டு வாங்கி வந்து என்னிடம் காட்டினாள்.

ரிப்போர்ட் என்ன வந்தது என்று கமெண்டில் கேட்காதீர்கள். அது அவளுடையது. எது வந்திருந்தாலும் நான் இந்தப் பதிவில் ஒரு வரியைக்கூட மாற்றியிருக்க மாட்டேன். மருத்துவர்கள், செவிலியர்கள் யாராவது படித்தால், கணக்கில் தவறிருந்தால் திருத்துங்கள், கற்றுக்கொள்கிறேன். மற்றவர்கள், உங்கள் வீட்டில் ஒரு பெண் இப்படி ஒரு தாளோடு வந்து நின்றால், தீர்ப்புச் சொல்வதற்கு முன் உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். பிறகு அவள் சொல்வதைக் கேளுங்கள்.